பால்குடத்துக்குக் குறியீடு இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு கறிபாப்.

சிரம்பானில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம், மருத்துவமனைக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். டாக்டர்கள் எழுதியதைப் படித்து, நோய்க்கு ஓர் எண், செய்த சிகிச்சைக்கு ஓர் எண் என்று மாற்றிப் போடுவதுதான் என் பிழைப்பு. அந்த எண்கள் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும். எண் அவர்களுக்குப் பிடித்தால் பணம் கட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கடிதம் எழுதுவார்கள். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். ‘ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லித்தான் என் அம்மா இன்னமும் சொந்தக்காரர்களிடம் சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. கோப்பைத்தான் பார்ப்போம். இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் வாங்க மேலே போனேன். கேன்டீனுக்குப் போகிற வழியில் பில்லிங் கவுண்டர். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய ரோகினி டாய்லெட்டுக்குப் போயிருந்தாள். கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண்மணி கையில் கடிதத்தோடு நின்றிருந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தவுடன் கேட்டார்.

“மிஸி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

நான் மிஸி இல்லை, தாதி வேலைக்கும் எனக்கும் வெகுதூரம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாங்கிப் படித்துவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கறிபாப் கிடைக்கவில்லை.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

“ஏழு மாதமாகப் பஞ்சாலையின் உடலிலிருந்து ரத்தம் ஓர் ஆறு போல—”

நிறுத்திவிட்டேன். ஆறும் வேண்டாம், குளமும் வேண்டாம். கவுண்டரில் நின்ற அந்த அம்மாளே அப்படிப் பேச மாட்டார். ‘ரொம்பப் போகுது மிஸி’ என்றுதான் சொன்னார்.

இரண்டாவது தொடக்கம்:

“பெண், வயது 47, குழந்தைகள் மூன்று. N92.1. D50.0.”

இது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால், ஜனவரியில் அவர் கோப்பு என் மேசைக்கு வந்தபோது எனக்கு அவரைத் தெரிந்ததே இப்படித்தான். N92.1 என்றால் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் அளவுக்கு மீறிப் போகிறது. D50.0 என்றால் போய்ப்போய் உடம்பில் இரும்புச் சத்து வற்றிவிட்டது. ஆனால் இதைக் கதை என்று அனுப்பினால் எந்தப் பத்திரிகையும் போடாது.

மூன்றாவதாக, “ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எழுந்தருளி அருள்பாலிக்கும்...” என்று தொடங்கிப் பார்த்தேன். கோயில் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்ததையே சொல்கிறேன். பஞ்சாலை செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். லோபாக்கில் வீடு. 2023 ஜனவரியில் மருத்துவக் காப்புறுதிக் கார்டு எடுத்தார். 2024 ஆகஸ்டில் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. வந்தால் மூன்று வாரம் நிற்காது. இந்த ஜனவரியில் வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்து, எங்களிடம் வந்து, இரண்டு பை ரத்தம் ஏற்றிக்கொண்டார். டாக்டர் மாதவி ஒரு வழி சொன்னார். கருப்பைக்குள் சின்னப் பலூன் ஒன்றை விட்டு, அதில் வெந்நீரை நிரப்பி, உள்சுவரைச் சுட்டுவிடுவது. இருபது நிமிட வேலை, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். இனிப் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்குத்தான் இதைச் செய்வார்கள். பஞ்சாலைக்கு மூன்றே போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது.

[அம்மன் கோயில், தீமிதி, கருப்பைக்குள் சூடு. ஒப்பிடச் சொல்லிக் கை துறுதுறுக்கிறது. ஒப்பிட மாட்டேன்.]

நான் படித்துச் சொன்ன கடிதத்தின் சாரம் இதுதான். சிகிச்சைக்கு ஒப்புதல் இல்லை. இந்த நோய் கார்டு எடுப்பதற்கு முன்பே இருந்திருக்கிறது. ஆதாரம், கோலா பிலாவில் ஒரு கிளினிக்கின் பதிவு. 2017, 2018, 2019, 2022 என நான்கு ஏப்ரல் மாதங்களில் போயிருக்கிறார். நான்கு முறையும் டாக்டர் எழுதியது ‘பீரியட் பிராப்ளம்’. நான்கு முறையும் ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை, பத்து நாளைக்கு.

பஞ்சாலை என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“எனக்கு அப்பல்லாம் ஒண்ணுமே இல்லையே மிஸி. அது அங்க எங்க தோட்டத்துக் கோயிலுக்குப் போட்ட மாத்திரை.”

3

ஆண் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பெண் வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய் ஒரு தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வரலாம்.

பால்குடம் எடுப்பவள் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தம் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாத் தேதியைக் கோயில் கமிட்டி வைக்கிறது. மற்றத் தேதியை உடம்பு வைக்கிறது. இரண்டும் இடிக்கும் போலிருந்தால், கிளினிக்குக்குப் போய் ‘தள்ளிப்போடணும் டாக்டர்’ என்றால் போதும். எதற்கு என்று எந்த டாக்டரும் கேட்க மாட்டார். ஒரு நாளைக்கு மூன்று, பத்து நாள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். கல்யாணம், புதுமனைப் புகுவிழா, பத்துமலை என எல்லாவற்றுக்கும் இதே மாத்திரைதான். அதிக ரத்தப்போக்குக்குக் கொடுப்பதும் இதே மாத்திரைதான். அதனால் காப்புறுதிக்காரரை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். அவருக்குக் கிடைத்தது ஒரு மாத்திரையின் பெயரும் இரண்டு வார்த்தைகளும். தோட்டத்துக் கோயிலைப் பற்றி அவருக்கு யார் சொல்வார்கள்?*

* எங்கள் குறியீட்டுப் புத்தகத்தில் முதலை கடித்தால் ஓர் எண் உண்டு, W58. விண்கலம் விபத்துக்குள்ளானால் உள்ளே இருந்தவருக்கு ஓர் எண் உண்டு, V95.4. பதினோரு வருடத்தில் நெகிரி செம்பிலானில் எனக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. அம்மனுக்காக மாதவிலக்கைத் தள்ளிவைத்தவளுக்கு எண் தேடினேன். நான் தேடியவரைக்கும் இல்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. பஞ்சாலையின் மேல் இல்லை. என் மேல்தான்.

சம்பளத்துக்கு மேல் ஒரு சென் காசுக்குக்கூட வேலை செய்யாதவள் நான். மூன்று மாதம் கழித்து யாராவது கோப்பில் கேள்வி கேட்டால் ‘டாக்டரைக் கேளுங்க’ என்று திருப்பி அனுப்புகிறவள். இப்படிப்பட்டவள் எதற்காக மறுப்புக் கடிதத்தின் நகலை மேசைக்கு எடுத்துப் போனாள்? கதாசிரியர் காரணம் காட்ட வேண்டும். காட்டுகிறேன்: கோபம். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. எழுதாதது நடக்காதது. டாக்டர் ஊசி போட்டிருப்பார், எழுத மறந்திருப்பார். எழுதவில்லையென்றால் போடவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருடம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன். நடக்காதது ஒன்று நான்கு முறை எழுதப்பட்டு ஒருத்தியின் கழுத்தைப் பிடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஞ்சாலைக்கு வேறு வழி அரசாங்கப் பெரியாஸ்பத்திரிதான். அங்கே ஜூனில்தான் தேதி கிடைத்தது. அதுவரைக்கும் உடம்பு தாங்காது என்று டாக்டர் மாதவி கோப்பில் எழுதியிருந்தார். மேல்முறையீடு செய்ய இரண்டு வாரம் இருந்தது.

மறுநாள் மதியம் ரோகினி பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு முனகினேன்.

“பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. அப்புறம் நேரா இருபத்திரண்டு. இருபதும் இருபத்தொண்ணும் எங்க போச்சு?”

“எம்.சி.ஓ. லா,” என்றாள் ரோகினி, தலையைத் தூக்காமலே. “நாடே மூடிக் கெடந்துச்சு. கோயில் எங்க நடந்துச்சு?”

பொறி தட்டியது. கோவிட் காலத்தில் கோயில்தான் மூடியிருந்தது, கிளினிக் திறந்திருந்தது. நோய் இருக்கிறவளுக்கு நடமாட்டக் கட்டுப்பாடா, மண்ணாங்கட்டியா? ரத்தம் போகத்தான் செய்யும், மாத்திரை வாங்கத்தான் செய்வாள். கோயிலுக்காக வாங்குகிறவள் மட்டும்தான் கோயில் இல்லாத வருடத்தில் வாங்க மாட்டாள். ரோகினிக்கு ஒரு கறிபாப் வாங்கிக் கொடுத்தேன்.

2023-இலும் 2024-இலும் கோயில் திறந்துதான் இருந்தது, அந்த வருடங்களிலும் மாத்திரை இல்லை என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் கறிபாப்பை நானே தின்றிருப்பேன்.

5

தொலைபேசியில் பஞ்சாலையிடம் உற்சாகமாகச் சொன்னேன். கிளினிக் டாக்டர் ஒரு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். கோயில் கமிட்டி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்: இன்னின்ன தேதியில் திருவிழா, இவர் பால்குடம் எடுத்தார் என்று. கமிட்டித் தலைவர் யார் அக்கா?

“தர்மராஜ். எங்க வீட்டுக்காரரோட அண்ணன்.”

“அப்படின்னா வேலை சுலபம்.”

“அவருகிட்ட கேக்க மாட்டேன் மிஸி.”

“ஏங்க்கா, சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. கேட்டா ஒடனே எழுதிக் குடுத்துருவாரு. ‘விரதமிருந்து சுத்தபத்தமா எடுத்தாங்க’ன்னு எழுதி, கோயில் முத்திரை சாப்பும் குத்திக் குடுப்பாரு.”

“அதுதானே நமக்கு வேணும்.”

“அதான் வேணாங்கிறேன். விட்டுருங்க மிஸி. ஜூன்தானே, தாங்கிக்குவேன்.”

தொடர்பைத் துண்டித்துவிட்டார். நான் போனைப் பார்த்துத் திட்டியதை இங்கே எழுத முடியாது. [எழுதினேன். அடித்துவிட்டேன். நான்கு வார்த்தை.] உடம்பில் பாதி ரத்தம் இல்லாத ஒருத்தி, கைக்கெட்டும் தூரத்தில் சிகிச்சை இருக்கும்போது, ஒரு கடிதம் கேட்க மாட்டேன் என்கிறாள். இது கதைக்கு நல்லது என்று எனக்குள் இருந்த எழுத்தாளர் சந்தோஷப்பட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை.

6

கோயில் பக்கமே போக வேண்டாம், டாக்டர் கடிதத்தை மட்டுமாவது வாங்குவோம் என்று கெஞ்சி, சனிக்கிழமை காலை என் காரில் கோலா பிலாவுக்குக் கூட்டிப் போனேன். பஞ்சாலை கதவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து இருக்கையில் போட்டு, அதன் மேல் நீலத் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, பிறகுதான் உட்கார்ந்தார்.

“உங்க காடி புதுசா இருக்கு,” என்றார்.

ஏழு மாதமாக எங்கே போனாலும் துண்டும் பிளாஸ்டிக்குமாகப் போயிருக்கிறார். N92.1-க்குள் இந்தத் துண்டு இல்லை.

புக்கிட் புத்துஸ் மலைப்பாதை ஏறும்போது, பேச்சுக்காக என் கண்டுபிடிப்பை விளக்கினேன். எம்.சி.ஓ. வருடங்களில் மாத்திரை இல்லை, அதனால் கோயிலுக்குத்தான் என்று நிரூபித்துவிடலாம் என்றேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு வாய் குழறியது. கோயிலுக்குத்தான் என்றால் 2023-இல் ஏன் வாங்கவில்லை? 2024-இல் ஏன் வாங்கவில்லை? அவர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

“அந்த ரெண்டு வருசமும் ஏங்க்கா எடுக்கல?”

பஞ்சாலை துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

“இருபத்திரெண்டுல, ரெண்டு வருசம் கழிச்சுக் கோயில் தொறந்தாங்க,” என்றார். “எல்லாரும் வந்துட்டாங்க, கிள்ளான்லேருந்து, ஜொகூர்லேருந்து. அன்னதானத்துக்கு நாப்பது கிலோ அரிசி. மூணு நாளா அடுப்படியிலயே கெடந்தேன். மாத்திரைய ரெண்டு வேளை மறந்துட்டேன். திருவிழா அன்னிக்கு மஞ்சப் பொடவை கட்டி, குடத்தைத் தலையில வெச்சு, ரோட்டோரப் பிள்ளையார்கிட்டேருந்து பாதி வழி வந்தாச்சு. அப்பத் தெரிஞ்சிருச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்யுறது? நடந்தேன்.”

சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எறக்கி வெச்சா ஏன்னு கேப்பாங்க. எம் மக ரெண்டு வரிசை பின்னால வர்றா. அவ மானமும் போகும். நடந்தேன். ஆத்தா தலையில பாலையும் ஊத்தினேன். யாருக்கும் தெரியாது, எம் புருசனுக்கே தெரியாது. மறு வருசம் முட்டிக்கால் வலின்னு சொல்லிட்டேன். போன வருசம் இது ஆரம்பிச்சப்ப எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. ஆத்தா கேக்குறான்னு நெனச்சேன்.”

நான் டாக்டர் மாதவி ஆகிவிட்டேன். மாத்திரையை இரண்டு வேளை மறந்தால் வரத்தான் செய்யும், அதற்குப் பிறகு இரண்டு வருடம் உங்களுக்கு ஒன்றும் இல்லையே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடுக்கினேன்.

“அது உங்க புஸ்தகம், தங்கச்சி,” என்றார். என்னை மிஸி என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. “அன்னிக்கு வாயத் தொறக்காம ஒரு பொய் சொல்லிட்டேன். இப்ப அவரு சாப்புக் குத்தி ‘சுத்தமா எடுத்தா’ன்னு எழுதி, அதை நான் வாங்கிக் காட்டி ஒடம்பைச் சரி பண்ணிக்கிட்டா, அது ரெண்டாவது பொய். அதுக்கு ரத்தம் போனாப் போகட்டும்.”

[இங்கே மலைப்பாதையின் மூடுபனியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அன்றைக்கு நல்ல வெயில். எடுத்துவிட்டேன்.]

7

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் சஃபியா இருந்தார். ஐம்பது வயது, ஊதா முக்காடு, மூக்குக் கண்ணாடி. பஞ்சாலையைப் பார்த்ததும், “என்ன, ரெண்டு வருசமா ஆளக் காணோம், இப்ப இன்னும் தேதி வரலியே, அதுக்குள்ள வந்துட்டே?” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். 2022-ஐச் சொல்லவில்லை. கோயில் கமிட்டியிடம் போக முடியாது என்றும், தேதிக்கு ஆதாரம் வேண்டும் என்றும் மட்டும் சொன்னேன். சஃபியா கீழ் டிராயரைத் திறந்து ஒரு தடித்த காகிதக் கட்டை எடுத்து மேசையில் போட்டார். ரப்பர் வளையம் போட்ட திருவிழா நோட்டீஸ்கள்.

“நாலு கோயிலு, பத்து வருசம். எல்லாம் இருக்கு.”

“நீங்க எதுக்கு அக்கா இதையெல்லாம் வச்சிருக்கீங்க?”

“மாத்திரை ஸ்டாக் போட வேணாமா? நோட்டீஸ் வந்தாத்தான் எனக்குத் தெரியும், எந்த வாரம் எத்தினி பட்டை வேணும்னு. எங்க ஆளுங்க ஹஜ்ஜுக்குப் போறப்பவும் இதே மாத்திரைதான். அதுக்குத் தனி டிராயர்.”

நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் கிளினிக் விளம்பரம். அதற்கு மேலே, ‘இவ்வாண்டு பால்குடம் எடுப்போர்’ என்று வரிசை எண்ணோடு பெயர்கள். அச்சுக்குப் போவதற்கு முன்பே பேர் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கமாம். நான்கு வருடமும் பஞ்சாலையின் பெயர் இருந்தது. 2020-ஆம் ஆண்டு நோட்டீஸில் ‘ஒத்திவைப்பு’ என்று சிவப்பு சாப்பு. 2021-க்கு நோட்டீஸே இல்லை. 2023, 2024 பட்டியலில் அவர் பெயர் இல்லை. சுத்தம் என்ற வார்த்தை எந்த நோட்டீஸிலும் இல்லை. வெறும் எண், பெயர். பஞ்சாலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பொய் ஒண்ணுமில்ல,” என்றார். “எடுத்துக்குங்க.”

கிளினிக் டாக்டர் கணேசமூர்த்தியிடம் ஏன் ‘பீரியட் பிராப்ளம்’ என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். மனிதர் வருத்தப்பட்டார்.

“வேற என்னம்மா எழுதுறது? மருந்து குடுத்தா ஒரு காரணம் எழுதணும். ‘கோயில்’னு எழுதினா அது காரணமா?”

பத்து நிமிடத்தில் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவரிடம் வந்த பாதிப் பெண்களின் கிளினிக் கார்டில் இதே இரண்டு வார்த்தைதான் இருக்கும் என்று போகிற போக்கில் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் என் தலையில் ஓடியது. என் பெயரிலும் லோபாக்கில் ஒரு கிளினிக்கில் ஒரு கார்டு இருக்கிறது.

8

மேல்முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதினேன், டாக்டர் மாதவி படித்துக் கையெழுத்துப் போட்டார். இடது பக்கம் மாத்திரை வாங்கிய நான்கு தேதிகள். வலது பக்கம் நான்கு திருவிழாத் தேதிகள். எல்லாமே ஒன்பது, பத்து நாள் இடைவெளி. பிறகு 2020, 2021. கடைசியாக இந்த வாக்கியம்: “2023, 2024 ஆகிய ஆண்டுகளில் இவர் பால்குடம் எடுக்கவில்லை, எனவே மாத்திரையும் வாங்கவில்லை. ஏனெனில் 2022-இல்—”

‘ஏனெனில்’ முதல் அடித்துவிட்டேன்.

இதை நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் சொல்கிறேன். நோயை நான் மறைக்கவில்லை. பெயர் சொல்லாமல் டாக்டர் மாதவியிடம் கேட்டேன்: மாத்திரையை மறந்து, நடுவில் வந்துவிட்டால் அது நோயின் அறிகுறியா? ரெண்டும் ரெண்டும் எத்தனை என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறந்தால் வரும், அவ்வளவுதான் என்றார். ஆக, நான் விட்டது ஓர் அவமானத்தை மட்டும். எழுதாதது நடக்காதது என்ற விதி ஒருமுறையாவது ஒரு பெண்ணுக்கு உதவட்டும் என்று விட்டேன்.

ஒன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பலூன், வெந்நீர், இருபது நிமிடம். சாயங்காலம் கோப்பு என் மேசைக்கு வந்தது. அந்தச் சிகிச்சைக்கான எண்ணை, 68.23 என்று நானே போட்டேன். அந்த ஐந்து விசைகளை அழுத்தும்போது என் கண் கலங்கியது. ரோகினி பார்க்கவில்லை.

9

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்காமல் அவர் கதையை அச்சுக்குக் கொடுக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை லோபாக்கில் அவர் வீட்டுக்குப் போய், மூன்று முடிவுகளோடு படித்துக் காட்டினேன். பஞ்சாலை துணி மடித்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. ஆறாம் பகுதி வந்தபோது மட்டும் கை நின்றது.

முடிவு அ: ரத்தப்போக்கு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. இனி வருடம் முழுக்கப் பஞ்சாலை சுத்தம். தர்மராஜ் முதல் குடத்தை அவர் தலையில் வைக்கிறார். மேளம்.

முடிவு ஆ: பஞ்சாலை தர்மராஜிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அவர் சற்று யோசித்து— (இதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்று முறை எழுதினேன், மூன்றிலும் மனிதர் மைக் பிடித்துச் சொற்பொழிவு ஆற்றுகிறார்.)

முடிவு இ: பஞ்சாலை போகவில்லை. ரோட்டோரம் நின்று ஊர்வலத்தைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

படித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். எழுத்தாளர்கள் எல்லோரும் பார்க்கும் பார்வை அது. கேவலமானது.

“பாலு சிந்தலைன்னு நீங்க எழுதலையே,” என்றார்.

“எப்பக்கா?”

“இருபத்திரெண்டுல. அந்த நெலமையில ஒரு மைல் நடந்திருக்கேன், ஒரு சொட்டு சிந்தல. அதைப் போடுங்க. பேரை மட்டும் மாத்திருங்க.”

போட்டுவிட்டேன். பால் சிந்தவில்லை. பெயரையும் மாற்றிவிட்டேன், பஞ்சாலை என்று யாரையும் தேடிப் போகாதீர்கள்.

“முடிவு எது பிடிச்சிருக்கு?”

“மூணும் நல்லா இல்ல. மூணாவதுல என்னைய ரோட்டுல நிக்க வெச்சிட்டீங்க. மொதல்ல பாருங்க, இனிமே நான் சுத்தம்னு எழுதியிருக்கீங்க. பலூன்ல வெந்நி ஊத்தினா சுத்தமாயிருவாங்களா? அப்ப அன்னிக்கு நடந்தவ என்ன அசுத்தமா?”

மடித்துக்கொண்டிருந்த துணி அந்த நீலத் துண்டு. அதை மடித்து முடித்தார். பிறகு எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இந்த வருட நோட்டீஸை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். கடைசிப் பக்கம். நாற்பத்தேழாவது எண்ணில் அவர் பெயர் இருந்தது.

“எப்ப குடுத்தீங்க பேரை?”

“ஜனவரியிலயே. ரத்தம் ஏத்திக்கிட்டு வந்த மறுநாளு. தாங்க மாட்டேன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்.” துண்டை அலமாரியில் வைத்தார். “ஞாயித்துக்கிழம நீங்களும் வாங்க தங்கச்சி. ஒரு கொடம் எடுங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு, பரவால்ல, கையால எழுதிக்கலாம்.”

நான் மனதுக்குள் நாள் எண்ணினேன். பெண் வாசகர்களுக்குத் தெரியும், எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

“தேதி இடிக்கும்க்கா. புதன்கிழமையிலேருந்து மாத்திரை போட்டாச் சமாளிக்கலாம்.”

பஞ்சாலை அலமாரியை மூடினார்.

“வேணாம்,” என்றார். “அப்படியே வாங்க.”

10

இன்று புதன்கிழமை. கைப்பையில் மாத்திரைப் பட்டை இருக்கிறது. லோபாக் கிளினிக்கில் நேற்று வாங்கினேன். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை; அவர் என்ன எழுதினார் என்று இந்த முறை எட்டிப் பார்த்தேன். அதே இரண்டு வார்த்தை.

பஞ்சாலை சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா, விளையாட்டுக்குச் சொன்னாரா, வழியில் எனக்கும் தெரிந்துவிட்டால் நடப்பேனா, சிந்தாமல் நடப்பேனா என்றெல்லாம் எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். எழுதாதது நடக்காதது. ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதப் போவதில்லை.

நோட்டீஸ் மேசை மேல் இருக்கிறது. நாற்பத்தேழுக்குக் கீழே, கிளினிக் விளம்பரத்துக்கு மேலே, ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பஞ்சாலை அதில் பேனாவால் எண்ணை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

48. ________________

என் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றில்லை. உங்களுக்கும் அந்த ஞாயிறு தேதி இடித்தால், உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.